வான்கோழிப் பக்கற்: அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

கொக்குவில் மகன்:
நத்தார் நேரம் யாழ் டவுனில் ஒரு சுப்பர் மார்க்கெற்றில் வான்கோழி நெஞ்சிறைச்சி பக்கற்றில் கிடைத்தது. வேகவைத்து மெல்லிசாகச் சீவியது, அப்படியே பாணுக்குள் வைத்துச் சாப்பிடலாம். அம்மாவுக்கு 74 வயது. பல் இல்லை, ஆட்டிறைச்சியைக் கடிக்க முடியாது, மீன் என்றால் முள்ளுக்குப் பயம். இரண்டு வருடமாகச் சோறும் சொதியும்தான். கை கால் மெலிந்து போய்விட்டது. இந்த இறைச்சியை மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். "பக்கற் இறைச்சி எல்லாம் நஞ்சு" என்று மச்சான் ஏசுகிறார். வான்கோழியில் புரதம் நிறைய, கொழுப்பு குறைவு, விற்றமின் பி12 உண்டு, செலனியம் உண்டு. தினமும் நாலு துண்டு கொடுத்தால் என்ன பிழை?

பாசையூர் அலை:
தம்பி, நஞ்சு என்பது கூடின பேச்சு. ஆனாலும் நான் மச்சான் பக்கம்தான். பாசையூரிலும் குருநகரிலும் விடியக்காலை மீன் கரைக்கு வருகிறது. அதை விட்டுவிட்டு எப்போதோ வெட்டிப் பொதி செய்த இறைச்சியையா அம்மாவுக்குக் கொடுப்பது? முள் பயம் என்றால் சுறா வறை செய்து கொடுங்கள். பல்லே தேவையில்லை.

வார்ட் அக்கா:
முதலில் ஒரு கேள்வி: அம்மாவுக்குப் பிரஷர் இருக்கிறதா? நீங்கள் சொன்ன குணங்கள் எல்லாம் வான்கோழிக்கு உரியவை. பக்கற்றில் இருப்பது வேறு சாமான். உப்புப் போடாமல் வீட்டில் வாட்டிய நெஞ்சிறைச்சி 100 கிராமில் ஏறக்குறைய 30 கிராம் புரதம் இருக்கும், சோடியம் 100 மில்லிகிராமைத் தொடுவதே அரிது. சீவிப் பொதி செய்ததில் உப்புநீரும், தண்ணீரைப் பிடித்து வைக்கும் பொஸ்பேற்று உப்பும், மாப்பொருளும் ஏற்றுகிறார்கள். புரதம் 17 கிராம் அளவுக்கு இறங்கிவிடும், சோடியம் 900, 1000 என்று ஏறிவிடும். நீங்கள் கொடுக்கும் காசில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போகிறது.

பக்கற்றைத் திருப்பிப் பாருங்கள். கனடா, அமெரிக்கப் பக்கற் என்றால் சோடியம் என்று போட்டிருக்கும். லண்டன் பக்கற் என்றால் உப்பு என்று இருக்கும். சோடியத்தை 2.5 ஆல் பெருக்கினால் உப்புக் கணக்கு வரும். இது தெரியாமல் பலர் சோடியத்தின் எண்ணைப் பார்த்து "உப்புக் குறைவு" என்று நினைத்துவிடுகிறார்கள்.

கொக்குவில் மகன்:
பார்த்தேன் அக்கா. 100 கிராமுக்குச் சோடியம் 980 மில்லிகிராம், புரதம் 17 கிராம். நாலு துண்டு 60 கிராம் வரும். அப்படியென்றால் 590 மில்லிகிராம் சோடியம், 10 கிராம் புரதம். அம்மா பிரஷர் குளிசை போடுகிறவர்தான். ஆனால் ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குள் சோடியம் இருக்க வேண்டும் என்றுதானே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மற்றச் சாப்பாட்டில் உப்பைக் குறைத்தால் சரிதானே?

சுண்டுக்குளி அடுப்படி:
நானும் மகன் பக்கம். எங்கள் வீடுகளில் கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய், மோர்மிளகாய் எல்லாம் ஒரே கோப்பையில் விழும். அப்போது யாரும் சோடியம் எண்ணுவதில்லை. நாலு துண்டு வான்கோழி வந்தவுடன் எல்லோரும் கணக்குப் பார்க்கிறோம். அலை அண்ணை, சுறா பெரிய மீன், மற்ற மீன்களைத் தின்று வளர்வது. அதில் பாதரசம் சேரும். அதையும் அடிக்கடி கொடுக்கக் கூடாது.

பாசையூர் அலை:
பாதரசம் சரிதான், ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் சின்ன மீனான சூடையை நன்றாக அவித்து முள் எடுத்துக் கொடுக்கலாம், கொஞ்சம் வேலைதான். ஆனால் கருவாட்டை இதோடு சேர்க்காதீர்கள். கருவாட்டைத் தண்ணீரில் ஊறவிட்டு உப்பை இறக்குகிறோம், தொட்டுக்கொள்ள ஒரு துண்டு போதும். புரதத்துக்காகத் தினமும் கருவாடு தின்கிறவர் யார்? அதோடு, 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் பதப்படுத்திய இறைச்சியை முதல் குழுவில், புகையிலை இருக்கும் அதே குழுவில் வைத்தது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

உரும்பிராய் வாத்தியார்:
அந்தக் குழு எப்படிப் பிரிக்கப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டுதான் பேச வேண்டும். புற்றுநோய் வரும் என்பதற்குச் சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் அது காட்டுகிறது. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அது சொல்வதில்லை. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்றார்கள். அது இருக்கிற வாய்ப்பின் மேல் 18 சதவீதம். நூறு பேரில் 18 பேருக்கு வரும் என்று வாசிக்கக் கூடாது. பதப்படுத்திய இறைச்சி என்று அவர்கள் சொன்னதில் பெரும்பகுதி பன்றியும் மாடும்தான், கோழி வகையும் அந்த வரையறைக்குள் வரலாம். அண்ணை, அதே முதல் குழுவில் சீன முறை உப்புமீனும் இருக்கிறது. நம் கருவாடு வேறு முறையில் செய்வது என்பதால் நான் அதை அப்படியே நம் கருவாட்டின் மேல் ஏற்றமாட்டேன்.

ஆனால் மகன், உங்கள் நாலு துண்டு 60 கிராம், அதுவும் தினமும். அந்த 50 கிராமைத் தாண்டிவிட்டீர்கள். சேர்மானத்தில் ஈ250 என்று இருக்கிறதா பாருங்கள், அது சோடியம் நைத்திரைற்று, இறைச்சியைப் பதப்படுத்தப் போடும் உப்பு. "நைத்திரைற்று சேர்க்கவில்லை" என்று எழுதிவிட்டு செலரித் தூள் போட்ட பக்கற்றும் உண்டு. அதிலிருந்தும் வருவது அதே நைத்திரைற்றுத்தான்.

கொக்குவில் மகன்:
ஈ250 இருக்கிறது. சரி, தினமும் என்பதை விடுகிறேன். ஆனால் ஒன்றுமே சாப்பிடாத மனிசி ஒன்றை ஆசையாகச் சாப்பிடும்போது அதையும் பறிக்க எனக்கு மனம் வரவில்லை. மெலிந்து விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தால் அதுவும் ஆபத்துத்தானே.

வார்ட் அக்கா:
அந்தப் பயம் நியாயமானது. வார்ட்டில் நான் தினமும் பார்ப்பது அதைத்தான், வயதானவர்களுக்குப் புரதம் போதாமல் தசை கரைந்து போவது. அதனால்தான் கூடச் சொல்கிறேன். இரண்டு முட்டையில் 12 கிராம் புரதம் இருக்கிறது, உங்கள் நாலு துண்டை விடக் கூட. சோடியம் 140 மில்லிகிராம் அளவுதான். வயது போகப் போக நாக்குக்கு ருசி குறையும், உப்புக் கூடினதுதான் பிடிக்கும். அம்மா கேட்பது வான்கோழியை இல்லாமல் அந்த உப்பையாகவும் இருக்கலாம்.

இன்னொன்று. பக்கற்றை உடைத்தால் மூன்று, கூடினால் ஐந்து நாளுக்குள் முடியுங்கள். கரண்ட் நீண்ட நேரம் நின்ற நாளென்றால் யோசிக்காமல் எறியுங்கள். லிஸ்டீரியா என்ற கிருமி பிரிட்ஜ் குளிரிலும் பெருகும். வயதானவர்களுக்கும் பிள்ளைத்தாச்சிகளுக்கும் அது மோசம். குளிராகப் பாணுக்குள் வைக்காமல் ஆவி பறக்கச் சூடாக்கித்தான் கொடுக்க வேண்டும்.

கொக்குவில் மகன்:
குளிராகத்தான் இவ்வளவு நாளும் கொடுத்தேன் அக்கா. வீட்டில் தங்கச்சியும் ஐந்து மாதம். இன்றைக்கே நிறுத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு துண்டு, தாச்சியில் நன்றாகச் சூடாக்கி. மற்ற நாளுக்கு என்ன செய்ய?

சுண்டுக்குளி அடுப்படி:
கோழி வறை செய்யுங்கள். கோழி நெஞ்சிறைச்சியிலும் வான்கோழி அளவுக்குப் புரதம் உண்டு. மஞ்சள் போட்டு நன்றாக அவித்து, சுறாவை உதிர்ப்பதுபோலக் கையால் பூவாக உதிருங்கள். வெங்காயம், கறிவேப்பிலை, கொஞ்சம் பெருஞ்சீரகம் தாளித்து, உதிர்த்த இறைச்சியும் தேங்காய்ப்பூவும் போட்டுக் கிளறுங்கள். உப்பைப் பாதியாக்கி, இறக்கியதும் மிளகுதூளும் தேசிக்காய்ப் புளியும் விடுங்கள். புளி இருந்தால் உப்புக் குறைந்தது நாக்குக்குத் தெரியாது. உரிய பதத்தில் பிசைந்தால் சோற்றோடு கரைந்து போகும்.

பாசையூர் அலை:
அதே பக்குவத்தில் சூடையும் செய்யலாம் தம்பி. முள் எடுக்கப் பொறுமை இருந்தால் போதும்.