அப்போமார்ஃபின் பம்ப் பயன்படுத்துபவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்குப் பார்க்கின்சன் வந்து 11 வருஷம் ஆகிறது. லெவோடோபா மாத்திரை இரண்டு மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. நடந்துகொண்டிருப்பவர் வாசற்படியில் அப்படியே உறைந்து நின்றுவிடுவார். அதனால் ஆறு வாரமாக, அப்போமார்ஃபின் என்ற இன்னொரு பார்க்கின்சன் மருந்தைச் செலுத்தும் பம்ப். காலையில் வயிற்றுத் தோலுக்கடியில் மெல்லிய ஊசி; 16 மணி நேரம் மருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்; படுக்கும்போது எடுத்துவிடுவோம். நேற்று சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

ஆனால் ஊசி குத்திய இடமெல்லாம் கோலிக்குண்டு மாதிரி கட்டி. தினமும் இடம் மாற்றுகிறோம், தொடையிலும் போடுகிறோம், ஊசியை எடுத்ததும் மெதுவாகத் தேய்த்து விடுகிறேன். அப்படியும் குறையவில்லை. கட்டிமேல் குத்தினால் மருந்து சரியாகச் சேராது என்கிறார் நர்ஸ். ஊசியின் நீளத்தையோ குத்தும் கோணத்தையோ மாற்றி யாருக்காவது குறைந்ததா? 24 மணி நேரமும் ஓடும் ஃபாஸ்லெவோடோபா (உடலுக்குள் போய் லெவோடோபாவாக மாறும் மருந்து; இதுவும் தோலுக்கடியில்தான்) பம்புக்கு மாறியவர்கள் இருந்தால், தோல் எப்படி இருக்கிறது? டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்ற மாட்டோம். அடுத்த வாரம் அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போகத்தான் கேட்கிறேன்.

இன்னொன்று, கசிந்த மருந்து சட்டையில் பச்சைக் கறையாகப் பிடித்துக்கொள்கிறது. அது போக வழி உண்டா?