கரண்டு மீட்டரைப் படம் எடுத்துப் போன ஐநா அமைப்பு: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

வளவுக்காரி, கானாடுகாத்தான்

எங்கள் வீட்டின் முன்கட்டை ஐந்தாறு வருடமாக வெளியூர்க்காரர்கள் தங்குவதற்கு விடுகிறோம். போன தை மாதம் ஐநா அமைப்பு ஒன்று (பெயர் வேண்டாம்) ஊரணிகளைப் பற்றி மூன்று நாள் பயிலரங்கம் நடத்த இடம் கேட்டது. மொத்தம் இருபத்திரண்டு பேர். வாடகை எவ்வளவு, சாப்பாட்டில் காரம் குறைப்பீர்களா என்று வழக்கமான கேள்விகள் வரும் என்று இருந்தேன். வந்தது, கூட்டத்தால் எவ்வளவு புகையும் குப்பையும் சேரும் என்று கணக்குப் பார்க்கிற நான்கு பக்கப் படிவம். குடிநீர் பாட்டிலில் தருவீர்களா, பானையிலா? ஏசி இல்லாமல் எத்தனை பேர் உட்காரலாம்? பக்கத்து ரயில் நிலையம் எத்தனை கிலோமீட்டர்? மிச்சச் சாப்பாடு எங்கே போகும்? ஜெனரேட்டர் உண்டா, மணிக்கு எத்தனை லிட்டர் குடிக்கும்? கடைசிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை, வீட்டுக்காரரைக் கேட்டால் அவருக்கும் தெரியவில்லை.

தண்ணீர் விஷயம் சுலபமாக முடிந்தது. சாமான் அறையைத் திறந்தால் ஒரு ஊருக்கே பந்தி போடலாம், உங்கள் வீடுகளிலும் அப்படித்தான் இருக்கும். அப்பத்தா பெயரெழுத்து வெட்டிய பித்தளை டம்ளர் நாற்பதை எடுத்துப் புளி போட்டுத் துலக்கி வைத்தேன். ஆளுக்கு ஒன்று, மூன்று நாளும் அவரவர் டம்ளர் அவரவர்க்கு. பானை பட்டாலையில் (முன்கூடத்தில்). ஒரு பாட்டில் கூட உள்ளே வரவில்லை.

கொட்டான் விஷயத்தில்தான் மூக்குடைபட்டேன். வருகிறவர்களை வெறும் கையோடு அனுப்பக் கூடாதே என்று இருபத்திரண்டு கொட்டான், அதாவது பனை ஓலைக் கூடை, பின்னச் சொல்லி, ஆளுக்கு நாலு தேன்குழல், நாலு மாவுருண்டை போட்டு அடுக்கி வைத்திருந்தேன். ஏற்பாடு செய்யும் அம்மா வந்து பார்த்துவிட்டு, பனை ஓலை என்றாலும் பரிசுப்பை என்று எதுவும் கொடுப்பதில்லை, பாதிப் பேர் அறையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள் என்றார். எனக்கு முகம் வாடிவிட்டது. அப்புறம் அவரே, இதைச் சாப்பாட்டு மேசையில் வையுங்கள், வேண்டியவர்கள் எடுத்துத் தின்னட்டும் என்றார். கடைசி நாள் பதினேழு கொட்டானைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். மீதி ஐந்தில் இப்போது பூண்டு இருக்கிறது.

ஏசி 25ல்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். 2008 கோடையில் அப்போதைய ஐநா பொதுச்செயலாளர் பான் கீ மூன் நியூயார்க் தலைமையகத்தில் இதைத்தான் செய்தாராம், 72 பாரன்ஹீட்டில் இருந்ததை 77க்கு ஏற்றி, எல்லோரும் டையைக் கழற்றிவிட்டு வாருங்கள் என்று சொன்னாராம், அதாவது 22 சொச்சத்திலிருந்து 25க்கு. தை மாதத்தில் எங்களுக்கு அந்த ஏசியும் தேவைப்படவில்லை. ஆத்தங்குடிக் கல் பாவிய பட்டாலையில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள், வளவில் (நடுவில் வானம் பார்த்த முற்றத்தில்) இருந்து காற்று வந்தது, முடிந்தது. ஆனால் சித்திரையில் அதே ஆட்களில் எட்டுப் பேர் மறுபடி வந்தபோது உச்சி வெயிலில் மூன்று பேர் ஏசி அறைக்குள் போனவர்கள் மாலை வரை வெளியே வரவில்லை. அதையும் சொல்ல வேண்டும் இல்லையா.

வந்த அன்று காலையில் ஒரு பையன் மீட்டரைப் படம் எடுத்தான், கிளம்பும்போது மறுபடி எடுத்தான். வீட்டுக்காரர் பயந்துவிட்டார், ஏதோ மின்வாரியத்து விவகாரம் என்று. எரிந்த மின்சாரத்துக்கு எவ்வளவு புகை என்று கணக்கு எழுதத்தானாம். எனக்கு ஐயா ஞாபகம் வந்தது. பர்மாவில் கொண்டுவிற்றவர் (வட்டிக்குக் கடன் கொடுத்துத் தொழில் செய்தவர்), இரவு ஐந்தொகை, அதாவது வரவுசெலவுக் கணக்கு, சரியாகாமல் படுக்க மாட்டாராம், காலணா இடித்தாலும் விளக்கை அணைக்க மாட்டாராம். இவர்கள் புகைக்கு ஐந்தொகை எழுதுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். உங்களில் யாருக்காவது இப்படி வேறு இடத்தில் பார்த்த அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

கோட்டையூர்க் குசும்பன்

ஆச்சி, டம்ளர் கதை அழகு. ஆனால் அந்த இருபத்திரண்டு பேரும் நடந்தா வந்தார்கள்? ஐநா குடும்பம் முழுக்கச் சேர்த்து வருடத்துக்குச் சுமார் 20 லட்சம் டன் கரியமில வாயு என்று அவர்களே போடும் ‘கிரீனிங் தி ப்ளூ’ அறிக்கையில் கொரோனாவுக்கு முந்தைய கணக்கு இருக்கிறது, அதில் பெரும்பங்கு விமானப் பயணமும் கட்டடமும். பாட்டிலை ஒழித்துவிட்டு போயிங்கில் ஏறினால் யாருக்கு லாபம்?

வளவுக்காரி, கானாடுகாத்தான்

தம்பி, இதை நானும் கேட்டேன், அந்த அம்மா கோபப்படவில்லை. பதினான்கு பேர் சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் காரைக்குடி வந்தார்கள். மூன்று பேர் மதுரைப் பக்கத்து ஆட்கள், பஸ். ஐந்து பேர் விமானம். இன்னும் மூன்று பேர் வருவதாக இருந்து வரவேண்டாம் என்று நிறுத்தி, கணினியில் பேச வைத்தார்கள். நம் ஊர் இணையம் தெரியுமே, அதில் ஒருவர் முகம் வாயைத் திறந்தபடி பத்து நிமிடம் அப்படியே நின்றது.

மடிக்கணினியில் ஒரு கணக்கைக் காட்டினார். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2008ல் இருந்து இதற்கென்று ஒரு கணிப்பான் வைத்திருக்கிறதாம். புறப்படும் ஊர், சேரும் ஊர் போட்டால் தலைக்கு இத்தனை கிலோ என்று வந்துவிடுகிறது. அதே விமானத்தில் சாய்ந்து படுக்கிற இருக்கைக்கு மாற்றினால் எண் எகிறுகிறது, ஒரு ஆள் இரண்டு ஆள் இடத்தை அடைக்கிறாராம், பந்தியில் காலை நீட்டி உட்காருகிற மாதிரி. எங்கள் வீட்டு மூன்று நாள் மின்சாரம், சமையல், வேன் எல்லாவற்றையும் கூட்டினாலும் அந்த ஐந்து டிக்கெட்டுக்குப் பக்கத்தில் கூட வரவில்லை. அப்புறம் எதற்கு என் மீட்டரைப் படம் எடுத்தீர்கள் என்றேன். சின்னது எது, பெரியது எது என்று எழுதினால்தானே தெரியும் என்றார். எனக்கு அது சரியென்றே பட்டது.

பள்ளத்தூர் – நைரோபி – பள்ளத்தூர்

குசும்பன் சொல்வதில் தப்பில்லை, ஆனால் கட்டடத்தையும் தள்ளிவிட முடியாது. நான் நைரோபியில் மூன்று வருடம் மின்வேலை ஒப்பந்தக்காரரிடம் கணக்கு எழுதினேன். அந்த வேலையாகக் கிகிரியில் உள்ள ஐநா வளாகத்துக்குப் பலமுறை போயிருக்கிறேன். ஐநா சுற்றுச்சூழல் திட்டத்தின் தலைமையகம் அங்கேதான். 2011ல் திறந்த புதிய அலுவலகத்தில் சுமார் 1,200 பேர் உட்காருகிறார்கள், அறைகளுக்கு ஏசி கிடையாது. கூரையில் 6,000 சதுர மீட்டருக்குச் சூரியப் பலகை. கட்டடம் எரிக்கிற மின்சாரத்தை வருடக் கணக்கில் கூரையே கொடுத்துவிட வேண்டும் என்று திட்டம் போட்டுக் கட்டியது.

முதல் தடவை உள்ளே போனபோது ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். நடுவில் திறந்த மாதிரி ஒரு நீண்ட வெளி, மேலே கண்ணாடிக் கூரை, இரண்டு பக்கமும் மாடி மாடியாக ஆட்கள். சூடான காற்று அந்த நடுவெளி வழியாக மேலே ஏறி வெளியே போகிறது, ஜன்னல் வழியாகக் குளிர்ந்தது உள்ளே வருகிறது. பகலில் விளக்குத் தேவையில்லை. கூரையில் விழுகிற மழை கீழே குளத்துக்கு வருகிறது. எங்கள் வீட்டு வளவுதான், தூண்கள் மட்டும் இல்லை. சின்ன வயதில் ஐப்பசி மழையில் வளவின் நான்கு மூலையிலும் அண்டா வைத்துவிட்டு ஆத்தா எங்களைத் தள்ளி நிற்கச் சொல்வது ஞாபகம் வந்தது, நிறைந்தது போக மிச்சம் வாய்க்கால் வழியாக ஊரணிக்கு.

உடனே, நம் முன்னோர் அப்போதே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். நைரோபி 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், அங்கே ஏசி இல்லாமல் இருப்பது பெரிய சாதனை இல்லை, கானாடுகாத்தான் சித்திரையில் இருந்து பார்க்கட்டும். அதோடு நம் வீட்டுத் தேக்கு பர்மாவில் இருந்து வந்தது, சலவைக்கல் இத்தாலியில் இருந்து வந்தது, எல்லாம் கப்பலில். ஐயாக்கள் அதற்கு ஐந்தொகை எழுதினார்கள்தான், ரூபாயில் மட்டும்.

திருப்பத்தூர்ப் பக்கம், முன்னாள் ராணுவம்

தெற்கு சூடானில் ஐநா அமைதிப்படையில் ஒரு வருடம் இருந்தேன். இங்கே எல்லோரும் ஜெனீவாவையும் நியூயார்க்கையும் பேசுகிறீர்கள், எங்கள் மாதிரி முகாம்களில் எரிகிற டீசலைப் பார்த்தவன் நான். ஊரில் மின்கம்பியே கிடையாது, இருபத்திநாலு மணி நேரமும் ஜெனரேட்டர். மழைக்காலத்தில் ரோடு சேறாகிவிட்டால் எண்ணெய் நைல் ஆற்றில் படகில் வரவேண்டும், இல்லையென்றால் விமானத்தில். டீசலைக் கொண்டுவருவதற்கே டீசல்.

முதலில் ஒவ்வொரு பிரிவுக்கும் தனி ஜெனரேட்டர். பெரிய மெஷின், அதன் தலையில் நாலு மின்விசிறியும் ஒரு குளிர்பெட்டியும். பாரம் இல்லாமல் ஓடுகிற டீசல் இன்ஜினில் எண்ணெய் சரியாக எரியாது, கரிதான் படியும், புகைக்குழாயில் கறுப்பாக வடியும், லாரி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். அப்புறம் எல்லாவற்றையும் ஒரே இணைப்பில் கொண்டுவந்து, தேவைப்படும்போது மட்டும் இரண்டாவது மெஷினை ஓட்டச் சொன்னார்கள். ஒருவரும் புகைப்படம் எடுக்காத வேலை, ஆனால் அளவுகோல் குச்சியை விட்டுப் பார்த்து லிட்டர் எழுதுகிறவன் நான், எனக்குத் தெரிந்தது. நான் வந்த பிறகு அந்நாட்டு மலக்கால் ஊரில் மனிதாபிமான அமைப்புகள் தங்குகிற முகாமில் 700 கிலோவாட் சூரியப் பலகையும் பேட்டரியும் 2020ல் போட்டார்கள். நம் காரைக்குடி சிக்ரி (மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) வாசலில் இருப்பவர்கள் பேட்டரி என்றதும் காதைத் தீட்டுவீர்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, சொல்லப் பிடிக்கவில்லை, சொல்கிறேன். கழிவுநீர். 2010ல் ஹைட்டியில் ஐநா முகாமின் கழிவு ஆற்றில் கலந்து காலரா பரவியது, பத்தாயிரம் பேர் பக்கம் செத்தார்கள், 2016 டிசம்பரில்தான் பான் கீ மூன் அந்த மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். எங்கள் முகாமில் சுத்திகரிப்பு நிலையத்தைச் சோதிக்க வருகிற அதிகாரி எதையும் விடமாட்டார், குழாய் மூட்டு ஒவ்வொன்றையும் குனிந்து பார்ப்பார், நாங்கள் அவரைக் கிண்டல் செய்வோம். ஹைட்டி கதையை ஒருநாள் அவரே சொன்னார். பிறகு கிண்டல் இல்லை.

கோட்டையூர்க் குசும்பன்

அண்ணே, வணக்கம். இதற்கு மேல் நான் என்ன குசும்பு பண்ண. ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், மிச்சமாகிற புகைக்கு வேறு நாட்டுத் திட்டங்களில் இருந்து கார்பன் வரவு வாங்கிச் சரிக்கட்டுகிறார்களே, அது எனக்கு உண்டியலில் போடுகிற காசு மாதிரிதான் படுகிறது. ஐநா செயலகம் 2030க்குள் புகையை 45 சதவீதம் குறைப்போம், மின்சாரத்தில் 80 சதவீதம் புதுப்பிக்கத்தக்கதாக ஆக்குவோம் என்று 2019ல் எழுதிக்கொடுத்திருக்கிறது. அதை உண்டியல் போடாமல் செய்யட்டும், நானே ஆச்சி வீட்டில் விருந்து வைக்கிறேன்.

வேன் ஓட்டுகிறவன், காரைக்குடி

ஆச்சி வீட்டுக்கு அந்த ஐந்து பேரையும் திருச்சி விமான நிலையத்தில் இருந்து கூட்டி வந்தவன் நான்தான். ஆளுக்கு ஒரு கார் இல்லை, ஒரே வேன், கடைசி ஆள் இறங்கும் வரை இரண்டரை மணி நேரம் எல்லோரும் காத்திருந்தார்கள், ஒருவர் முனகிக்கொண்டே இருந்தார். ஏறும்போது கிலோமீட்டர் எழுதினார்கள், இறங்கும்போது எழுதினார்கள், எத்தனை லிட்டர் என்று கேட்டார்கள். நான் குத்துமதிப்பாகச் சொன்னேன், ஒத்துக்கொள்ளவில்லை, பங்க் ரசீது கேட்டார்கள். அன்றிலிருந்து நானும் ஒரு நோட்டுப் போட்டு எழுதுகிறேன், எந்த டயரில் காற்றுக் குறைந்தால் எவ்வளவு குடிக்கிறது என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

எனக்கு ஒரே சந்தேகம். அவர்களைத் திருச்சியில் விட்டுவிட்டு எண்பது கிலோமீட்டர் பக்கம் காலி வண்டியாகத் திரும்பினேன். அந்த டீசல் யார் கணக்கு?

வளவுக்காரி, கானாடுகாத்தான்

அண்ணே, நல்லவேளை கேட்டீர்கள். படிவத்தை எடுத்துப் பார்த்தேன், அவர்கள் ஏறி இறங்கிய கிலோமீட்டர் மட்டும்தான் இருக்கிறது. இன்று இரவு அந்த அம்மாவுக்கு எழுதுகிறேன். உங்கள் நோட்டில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்.