ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு விடாத பொடுகு: தலைக்கு எண்ணெய் வைப்பதா, நிறுத்துவதா?

சுமதி_கோபி:
வணக்கம். என் மகளுக்கு 14 வயது. ஒரு வருடமாகப் பொடுகு விடவே மாட்டேன் என்கிறது. பள்ளியில் ரெட்டைச் சடை கட்டாயம், சீருடை கருநீலம். முதல் மணி அடிப்பதற்குள் தோள் இரண்டிலும் வெள்ளையாக உதிர்ந்திருக்கும். பின்னால் உட்காரும் பெண் "மாவு சலிச்சியா?" என்று கேட்டாளாம். அன்றிலிருந்து கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

தலை காய்ந்து போனதால்தான் உதிர்கிறது என்று நினைத்து தினமும் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் வைத்து விடுகிறேன். ஞாயிறு தோறும் அரப்பு போட்டு அலசல். ஊறவைத்த வெந்தயம், தயிர், எலுமிச்சை எல்லாம் பார்த்தாயிற்று. எலுமிச்சை தேய்த்த அன்று எரிகிறது என்று அழுதாள். இப்போது எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் எடுத்தாலே சண்டை. என்ன செய்வது?

ராசாத்தி_பவானி:
சுமதி, எண்ணெயை மட்டும் நிறுத்திவிடாதே கண்ணு. வளர்கிற பெண் பிள்ளை, படிக்கிற தலை, சூடு ஏறும். வேப்பிலையும் மிளகும் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் வைத்துப் பார். கடை ஷாம்பு போட்டால் முடி கொட்டும். எங்கள் வீட்டில் மூன்று பெண்கள் வளர்ந்தார்கள், ஒருத்திக்கும் ஷாம்பு பாட்டில் வாங்கியதில்லை.

மருந்துக்கடை_முருகேசன்:
22 வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். வாரத்துக்கு நாலு அம்மாக்கள் இதே கேள்வியோடு வருகிறார்கள். சுமதி அம்மா, பொடுகு பெரும்பாலும் வறட்சியால் வருவதில்லை. உங்கள் மகள் தலையில் எண்ணெய்ப் பசை ஏற்கெனவே அதிகம். அதற்கு மேல் தினமும் நீங்களும் ஊற்றுகிறீர்கள்.

எல்லோர் தலையிலும் மலசேசியா என்ற ஒரு பூஞ்சை இருக்கிறது. 1874-ல் அதைப் பற்றி எழுதிய மலசே என்ற பிரெஞ்சு மருத்துவர் பெயரில்தான் இன்றும் அழைக்கிறார்கள். தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தை அதனால் தயாரித்துக்கொள்ள முடியாது. நம் தோல் சுரக்கிற எண்ணெய்தான் அதற்குச் சாப்பாடு. ஆய்வகத்தில் வளர்ப்பதற்கே ஆலிவ் எண்ணெய் மாதிரி ஏதாவது ஊற்றுவார்கள். எண்ணெயை அது உடைக்கும்போது ஒலீயிக் அமிலம் மிஞ்சுகிறது. சிலருடைய தோலுக்கு அது ஆகாது. அந்தத் தோல் எரிச்சலடைந்து வேக வேகமாகப் புதுத்தோலைத் தள்ளும். அதுதான் செதில். பருவ வயதில் எண்ணெய்ச் சுரப்பிகள் முழு வேகத்தில் வேலை செய்யத் தொடங்கும். எட்டு வயதில் இல்லாத பொடுகு பதினான்கில் வருவது அதனால்தான்.

தினசரி எண்ணெயை நிறுத்துங்கள். பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் மருந்து 2 சதவீதம் உள்ள ஷாம்பு, வாரம் இரண்டு முறை, தலையில் ஐந்து நிமிடம் ஊற வேண்டும். நாலு வாரம் விடாமல் போடுங்கள்.

ராசாத்தி_பவானி:
கீட்டோகோனசோல் ஈரலைக் கெடுக்கிறது என்று வெளிநாட்டில் நிறுத்தினார்களே, அதைப் பச்சைப் பிள்ளை தலையில் போடச் சொல்கிறீர்களா? பூஞ்சைக்கு எண்ணெய் சாப்பாடு என்றால் எங்கள் காலத்தில் ஊருக்கே பொடுகு வந்திருக்க வேண்டும். காலையில் எண்ணெய் வழிய வழியத்தான் பள்ளிக்கூடம் போனோம்.

மருந்துக்கடை_முருகேசன்:
நீங்கள் சொல்வது மாத்திரை அக்கா. 2013-ல் ஐரோப்பாவில் நிறுத்தச் சொன்னதும் அமெரிக்காவில் கட்டுப்பாடு வந்ததும் வாயில் போடுகிற மாத்திரைக்கு. ஷாம்பு தலையில் ஐந்து நிமிடம் இருந்துவிட்டுத் தண்ணீரோடு போய்விடுகிறது, ரத்தத்தில் கலப்பது மிக மிகக் குறைவு. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று பயந்து வேண்டாம் என்று விட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

உங்கள் காலத்துக் கேள்வி நியாயமானது. பூஞ்சை எல்லோரிடமும் இருக்கிறது, எல்லோர் தோலும் அதற்குக் கோபப்படுவதில்லை. உங்கள் மூன்று பெண்களின் தோல் பொறுத்துக்கொண்டது, சுமதி அம்மா மகளின் தோல் பொறுக்கவில்லை.

சித்தா_மூன்றாமாண்டு:
முருகேசன் அண்ணா எண்ணெய் மேல் மொத்தப் பழியையும் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். ஆய்வகத்தில் அது பூஞ்சையை அடக்கும். 2021-ல் இந்தியப் பெண்கள் 140 பேரிடம் நடந்த ஆய்வில், தேங்காய் எண்ணெய் வைத்தவர்களின் தலைத்தோலில் நல்ல நுண்ணுயிர்கள் கூடியதாக வந்தது. அப்புறம், நம் மரபில் இதற்கென்றே ஒரு மூலிகை இருக்கிறது, பொடுதலை. வாய்க்கால் ஓரம் படர்ந்து கிடக்கும். அதன் சாற்றைச் சேர்த்துக் காய்ச்சுகிற பொடுதலைத் தைலத்தைச் சித்த மருத்துவர்கள் இன்றும் பொடுகுக்குத் தருகிறார்கள்.

முக்கியமான ஒன்று. எண்ணெய்க் குளியல் என்றால் தேய்த்து, ஊறவைத்து, அரப்போ சீயக்காயோ போட்டு முழுக்க எடுத்துவிடுவது. எண்ணெயைப் பூசிக்கொண்டு அதோடு ஆறு நாள் இருப்பது மரபு இல்லை.

மருந்துக்கடை_முருகேசன்:
தம்பி, கடைசியாகச் சொன்னதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆய்வில் எண்ணெயைச் சாதாரண ஷாம்புவோடுதான் ஒப்பிட்டார்கள், பூஞ்சை மருந்தோடு இல்லை. இருந்தவர்களும் வளர்ந்த பெண்கள், பருவ வயதுப் பிள்ளைகள் இல்லை. லாரிக் அமிலமும் எண்ணெயில் தனியாக மிதப்பதில்லை, கொழுப்போடு கட்டுண்டு கிடக்கிறது. ஆய்வகத்தில் தனி அமிலம் செய்ததை எண்ணெய்க் கிண்ணமும் செய்யும் என்று சொல்லிவிட முடியாது. வைத்து ஒரு மணி நேரத்தில் அலசுவதாக இருந்தால் நான் தடுக்கவில்லை, கெட்டியாக ஒட்டிய செதில் ஊறி இளகும். தினமும் காலையில் வைத்துச் சடை பின்னுவதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

நிலா_கல்லூரி2:
எண்ணெயா ஷாம்புவா என்று எல்லோரும் பேசுகிறீர்கள். அந்தப் பெண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு 13 முதல் 17 வரை இதே கதை. கல்யாண மண்டபத்தில் அத்தை, சித்தி எல்லோர் முன்னாலும் அம்மா என் தோளைத் தட்டிவிட்டு, "தலையை ஒழுங்கா அலசறதே இல்ல" என்பார். நான் அலசாமல் இல்லை. அந்தப் பேச்சுக்குப் பயந்து மாமா வீட்டு விசேஷத்துக்கே போகாமல் இருந்திருக்கிறேன். சுமதி அக்கா, இது சுத்தக் குறைவால் வருவது இல்லை என்பதை முதலில் உங்கள் வாயால் அவளிடம் சொல்லுங்கள். சீப்பில் ஒட்டிக்கொள்ளும் நோயும் இல்லை, தங்கைக்கு வந்துவிடும் என்று தனிச் சீப்பு கொடுத்து ஒதுக்காதீர்கள்.

அடுத்தது, மருந்து ஷாம்பு எனக்கு ஆறு மாதம் வேலையே செய்யவில்லை. தவறு என்னுடையது. முடி இடுப்பு வரை, ஷாம்புவை முடி மேலே ஊற்றி நுரை வந்ததும் அலசிவிடுவேன். மருந்து போக வேண்டியது தோலுக்கு என்று யாரும் சொல்லித் தரவில்லை. அப்புறம்தான் வகிடு வகிடாகப் பிரித்து, விரல் நுனியால் தோலில் தடவி, போனில் ஐந்து நிமிடத்துக்கு மணி வைத்துவிட்டு நிற்கப் பழகினேன். மூன்றாவது வாரம் அரிப்பு நின்றது. நின்றதும் ஷாம்புவையும் நிறுத்தினேன், ஒன்றரை மாதத்தில் திரும்பி வந்தது. இப்போது வாரம் ஒரு முறை, விடுவதில்லை.

ராசாத்தி_பவானி:
நிலா, நீ எழுதியதைப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. நானும் என் நடு மகளை அப்படிப் பேசியிருக்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. இடுப்பு வரை முடி இருக்கிற பிள்ளை பள்ளி நாளில் வாரம் இரண்டு முறை தலைக்குக் குளித்தால் எப்போது காயும்? ஈரத்தோடு சடை பின்னினால் சளி பிடிக்காதா?

செவிலி_தோல்பிரிவு:
சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் குளிக்கலாம் ராசாத்தி அம்மா. மின்விசிறிக் காற்றில் படுக்கப் போவதற்குள் காய்ந்துவிடும். சளி வருவது வைரஸால். ஆனால் ஈரச் சடை வேண்டாம் என்பதில் நீங்கள் சொல்வதுதான் சரி. பகல் முழுக்க ஈரம் அடைந்து கிடந்தால் தோல் புழுங்கி அரிப்பு கூடும்.

முருகேசன் அண்ணா, உங்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. தலையைப் பார்க்காமலே நாலு வார மருந்து சொல்லிவிட்டீர்கள். நான் வேலை பார்க்கும் தோல் பிரிவுக்கு "பொடுகு" என்று வருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் பொடுகு இல்லை. வட்டமாக முடி உடைந்து, கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தால் அது படர்தாமரை. சின்னப் பிள்ளைகளிடம் அதிகம், ஷாம்பு மட்டும் போதாது, வாய்வழி மருந்து வேண்டும். அதுதான் கூடப் படுக்கிற பிள்ளைக்கும் ஒட்டும். செதில் வெள்ளி நிறத்தில் தடித்து, நெற்றி ஓரத்தைத் தாண்டி வந்தால், நகத்தில் குண்டூசி குத்திய மாதிரி குழி இருந்தால், சொரியாசிஸ் என்ற தோல் நோயா என்று பார்க்க வேண்டும். முடியில் ஒட்டி உருவினாலும் வராத வெள்ளைப் புள்ளி பொடுகே இல்லை, ஈர்.

இன்னொன்றும் எழுதியே ஆக வேண்டும். சில கடைகளில் அரிப்புக்கு என்று சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு லோஷன் கொடுக்கிறார்கள். இரண்டு நாளில் அமுங்கும், நிறுத்தினால் முன்பைவிட மோசமாக வரும். பிள்ளைகள் அதையே எடுத்து முகத்திலும் தடவிக்கொள்கிறார்கள், தோல் மெலிந்து சிவந்து வருகிறார்கள். மருத்துவர் அளவு பார்த்துச் சில நாளுக்குக் கொடுப்பது வேறு.

மருந்துக்கடை_முருகேசன்:
ஸ்டீராய்டு விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. என் கடையில் சீட்டு இல்லாமல் கொடுப்பதில்லை. ஆனால் பார்க்காமல் சொன்னேன் என்பதை முழுக்க ஏற்க முடியவில்லை. சாதாரணப் பொடுகுக்கு ஒரு நாள் கூலியை விட்டு, பேருந்தேறி, பாதி நாள் வரிசையில் நிற்க முடியாத வீடுகள் எத்தனை! அவர்கள் முதலில் ஷாம்புவைப் போட்டுப் பார்த்து, நாலு வாரத்தில் கேட்கவில்லை என்றால் மருத்துவரிடம் போகட்டும்.

செவிலி_தோல்பிரிவு:
அப்படிச் சொல்வதென்றால் அடையாளங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணா. முடி உதிர்ந்த இடம், நீர், சீழ், கழுத்தில் நெறி கட்டுவது, இதில் ஒன்று இருந்தாலும் நாலு வாரம் காத்திருக்கக் கூடாது. சுமதி அக்கா, உங்கள் மகளுக்கு ஒரு வருடம் ஆகிவிட்டது. ஒரு முறை காட்டிவிடுங்கள். எலுமிச்சை இனி வேண்டாம், புண்ணான தோலில் அந்தப் புளிப்பு எரிக்கும். சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் கறுத்தும் போகும்.

சுமதி_கோபி:
எல்லோருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். ஈரோட்டில் தோல் மருத்துவரிடம் காட்டினோம். மூக்கோரத்திலும் காதுக்குப் பின்னாலும் கூடச் செதில் இருந்திருக்கிறது, நான் கவனித்ததே இல்லை. பொடுகின் முற்றிய வகை, செபோரிக் டெர்மடைடிஸ் என்றார். முருகேசன் அண்ணா சொன்ன அதே ஷாம்புதான், புதன் சாயங்காலமும் ஞாயிறும். தினசரி எண்ணெயை நிறுத்திவிட்டோம். எண்ணெய் இல்லாமல் சடை நிற்காது என்று பயந்தேன், சீப்பை லேசாக நனைத்துச் சீவினால் நிற்கிறது. நெற்றிப் பருவும் பாதி குறைந்துவிட்டது, அதற்கும் வழிந்த எண்ணெய்தான் காரணமாம்.

நிலா சொன்னதை அவளிடம் சொன்னேன். "உன் மேல் தப்பு இல்லை, எனக்குத் தெரியாமல் திட்டிவிட்டேன்" என்றேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போனாள். அடுத்த புதன் நான் கூப்பிடாமலே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஐந்து நிமிட மணி வெளியில் எனக்குக் கேட்டது. பின் வகிடு மட்டும் கை எட்டாது, அதற்கு என்னைக் கூப்பிடுகிறாள்.

முழுக்கப் போகவில்லை. மூன்றாவது வாரம் நன்றாக இருந்தது, காலாண்டுத் தேர்வு வாரத்தில் மறுபடி உதிர்ந்தது. மருந்து பழகிவிட்டதா?

செவிலி_தோல்பிரிவு:
பழகவில்லை அக்கா. தூக்கம் கெட்டு, மனசு படபடத்தால் இது கிளம்பும். மார்கழிக் குளிரிலும் கொஞ்சம் கூடலாம். கட்டுக்குள் வந்த பிறகு வாரம் ஒரு முறைக்குக் குறையுங்கள், தேர்வு நேரத்தில் மீண்டும் இரண்டாக்குங்கள். பொதுத்தேர்வு வருடம் வருகிறது, அப்போது கூடினால் பயந்து புது மருந்துக்கு ஓட வேண்டாம்.

ராசாத்தி_பவானி:
சந்தோஷம் சுமதி. எண்ணெய்க் குளியலை நான் விடச் சொல்ல மாட்டேன், அது உடம்புக்கும் மனசுக்கும் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தலை ஆறிய பிறகு, அவள் சரி என்றால் மட்டும், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வைத்து அலசிவிடு. பின் வகிட்டில் மருந்து தடவும்போது நகம் படாமல் பார்த்துக்கொள்.