வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டச் சொல்கிறார்கள்: வேலையிடப் பாதுகாப்புப் படிப்பு பற்றி அவசரமாக ஆலோசனை தேவை

பல்லடத்துப் பெண்:
அனைவருக்கும் வணக்கம். ஊரில் ஒரு பஞ்சாலையின் தொழிலாளர் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்துவந்தேன். இங்கே வந்தபின் எத்தனையோ இடங்களுக்கு விண்ணப்பித்தும் ஒரு பதிலும் இல்லை. பயிற்சி மையம் ஒன்று, நெபோஷ் என்னும் வேலையிடப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கினால் வேலை உறுதி என்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் முழுப் பணத்தையும் கட்டினால்தான் சலுகையாம். அப்பா தேங்காய் விற்று அனுப்பிய பணம் மட்டுமே கையில் இருக்கிறது. கட்டலாமா, வேண்டாமா? தூக்கம் போய்விட்டது. இன்றைக்கே சொல்லுங்கள்.

சென்னிமலையான்:
அம்மணி, யோசிக்காமல் கட்டிவிடுங்கள். துபாய்க்கு வந்த புதிதில் நான் கட்டடத்தில் எடுபிடி வேலைதான் செய்தேன். வெயிலில் கிடக்கும் கம்பியைத் தொட்டால் கை பொத்துப்போகும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று இங்கே சட்டம். அந்த இடைவேளையில் நிழலில் உட்கார்ந்து படித்தே நெபோஷ் முடித்தேன். இன்று பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருக்கிறேன். வளைகுடா வேலை விளம்பரங்களில் முதலில் கேட்பதே அதைத்தான்.

நொய்யல்கரை:
அண்ணா சொல்வது வளைகுடாவுக்குச் சரி. நான் பிரிட்டனில், பர்மிங்ஹாமில் இருக்கிறேன். 1979இல் நெபோஷ் அமைப்பு தொடங்கியதே இந்த நாட்டில்தான். ஆனால் என் நேர்காணலில் சான்றிதழைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "மரப்பட்டறையில் தூள் பறக்கிறது, என்ன செய்வீர்கள்?" என்றுதான் கேட்டார்கள். முகக்கவசம் தருவேன் என்று ஆரம்பித்தால் அதோடு கதை முடிந்தது. ஆபத்தையே நீக்க முடியுமா, வேறு பொருளுக்கு மாற முடியுமா, தூள் கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சி எடுக்க முடியுமா, வேலை முறையை மாற்ற முடியுமா, இத்தனையும் பார்த்த பிறகே முகக்கவசம். இந்த வரிசை மனத்தில் ஊறியிருக்க வேண்டும்.
இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சான்றிதழின் இரண்டாம் பகுதியில் உண்மையான ஒரு பணியிடத்தின் அபாயங்களை மதிப்பிட்டு எழுத வேண்டும். வேலையில் இல்லாத உங்களை எந்தப் பணியிடத்துக்குள் விடுவார்கள்? மையம் அதற்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறது?

ஈரோட்டு மஞ்சள்:
எல்லோரும் படிப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். முதலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அம்மணி. கத்தாரில் என் முதல் கோடையில் கூட வேலை செய்த தம்பி ஒருவன் சாரத்தின் அடியிலேயே சுருண்டு விழுந்தான். நாடித்துடிப்பு தாறுமாறாக ஓடியது, உடம்பில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. வியர்வை நின்றுபோவது எவ்வளவு பெரிய ஆபத்து என்று அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. இங்கே 2021இலிருந்து, வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் நான்கையும் சேர்த்து அளக்கும் வெப்ப அளவு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வெளிவேலையை நிறுத்த வேண்டும் என்று விதி. அந்தக் கருவியைப் பிடிக்கத் தெரிந்தவனுக்கு இங்கே மரியாதை உண்டு. சான்றிதழ் அப்புறம்.

கோபிக்காரர்:
வெளிநாட்டில் இதற்கெல்லாம் மரியாதை. நம் ஊரில்? ஆய்வாளர் வரும் நாளன்று மட்டும் முகக்கவசம் பெட்டியை விட்டு வெளியே வரும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் பொதுவாக 1,000 தொழிலாளர்களுக்குக் குறையாமல் இருந்தால்தான் பாதுகாப்பு அலுவலர் கட்டாயம் என்று இருந்தது. நம் பக்கத்துச் சாயப்பட்டறை, விசைத்தறிக் கூடங்களில் எதில் ஆயிரம் பேர் இருந்தார்கள்? புதிய சட்டத் தொகுப்பில் அதைப் பொதுவாக 500 ஆக்கியிருக்கிறார்கள், அப்போதும் அவை வரம்புக்குள் வராது. தறிச் சத்தத்தில் காது மந்தமான பெரியவர்கள் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். கேட்டால் வயதாகிவிட்டது என்று சொல்லிவிடுவார்கள். வயிறு எரிகிறது.

சென்னிமலையான்:
சரியாகச் சொன்னீர்கள். எங்கள் அய்யனும் தறிக்காரர்தான். டிவியை எவ்வளவு சத்தமாக வைத்தாலும் பத்தாது.

பல்லடத்துப் பெண்:
கோபி அண்ணா சொல்வது முழுக்க உண்மை. எங்கள் ஆலையில் பஞ்சைச் சீவும் கார்டிங் பிரிவில் ஓர் அக்காவுக்கு வார விடுமுறை முடிந்து வரும் திங்கட்கிழமை நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும், சனிக்கிழமை வந்தால் சரியாகிவிடும். வீட்டுக் கவலை என்று எல்லோரும் சொன்னார்கள். நான் அவரோடு வேலை செய்பவர்கள் எல்லோரையும் உட்காரவைத்து, எந்த நாளில் யாருக்கு மூச்சுத் திணறுகிறது என்று நோட்டில் எழுதினேன். விடுமுறை முடிந்து வரும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவதுதான் பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் நோய்க்கு அடையாளம். நோட்டைக் காட்டிய பிறகு மேலாளர் உறிஞ்சு குழாய்களைச் சுத்தம் செய்ய ஏற்பாடு செய்தார். அந்த அக்காவை வேறு பிரிவுக்கும் மாற்றினார்கள்.

காங்கேயத்து அக்கா:
கண்ணு, இவ்வளவு பேர் எழுதியும் நீ எந்த நாட்டில் இருக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. எந்த நாடு? எந்த விசா? என்ன படித்திருக்கிறாய்?

பல்லடத்துப் பெண்:
மன்னியுங்கள் அக்கா, பதற்றத்தில் விட்டுவிட்டேன். சிங்கப்பூர். கணவர் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருக்கிறார், நான் குடும்பத்தினருக்கான டிபெண்டன்ட் பாஸ். பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஆலையில் நான்கு ஆண்டு வேலை பார்த்தேன்.

காங்கேயத்து அக்கா:
நானும் இங்கேதான் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை பணம் கட்ட வேண்டாம். வேலை உறுதி என்று சொல்லிப் படிப்பை விற்கிறவர்களை நம்பாதே.
முதல் சிக்கல் உன் பாஸ். 2021 மே மாதத்திலிருந்து டிபெண்டன்ட் பாஸில் இருப்பவர் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர, அந்த நிறுவனமே தனியாக வேலை பாஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். உன் விண்ணப்பங்களுக்குப் பதில் வராததற்கு இது பெரிய காரணமாக இருக்கலாம். ஆகவே எஸ் பாஸ் அல்லது எம்ப்ளாய்மென்ட் பாஸ் போன்ற வேலை பாஸ் எடுத்துத் தரக்கூடிய நிறுவனமா என்று பார்த்துவிட்டு அனுப்பு.
இரண்டாவது, இங்கே பாதுகாப்பு அலுவலராக வேலை செய்ய மனிதவள அமைச்சில் பதிவு வேண்டும். வழக்கமான வழி, வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத்தில் ஸ்பெஷலிஸ்ட் டிப்ளமோவும் குறைந்தது 2 ஆண்டு நடைமுறை அனுபவமும். நெபோஷ் வாங்கிவிட்டால் தானாகப் பதிவு கிடைத்துவிடாது. 3 கோடி சிங்கப்பூர் வெள்ளியும் அதற்கு மேலும் மதிப்புள்ள கட்டுமானத் தளங்களில் பதிவுபெற்ற அலுவலரைக் கட்டாயம் வைக்க வேண்டும் என்பதால் தேவை இருக்கிறது. உன் ஆலை அனுபவத்தை ஏற்பார்களா என்று அமைச்சிடமே எழுதிக் கேள்.
மூன்றாவது, நீ நோட்டில் எழுதியது தொழில்சார் சுகாதாரத்தின் அடிப்படை வேலை. உன் விண்ணப்பத்தில் அது ஒரு வரியாவது இருக்கிறதா?

பல்லடத்துப் பெண்:
இல்லை அக்கா. "பாதுகாப்புப் பணிகளைக் கவனித்தேன்" என்று மட்டும் போட்டிருக்கிறேன்.

காங்கேயத்து அக்கா:
அதை எடுத்துவிட்டு, என்ன தூசி, எந்தப் பிரிவு, எத்தனை பேரைக் கேட்டாய், அதன்பின் என்ன மாறியது என்று எழுது. சத்தத்தை அளந்திருந்தால் டெசிபல் எண்ணோடு போடு. இங்கே 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் வரம்பு. பாஸ் கிடைக்கும்வரை சும்மா இருக்காதே. ஓ.ஹெச்.டி.ஏ. என்ற அமைப்பு தொழில்சார் சுகாதாரப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. சத்தத்துக்கும் வெப்பத்துக்கும் தனித்தனி நூல் உண்டு.

நொய்யல்கரை:
பஞ்சுத் தூசிக்கு அமெரிக்காவின் 1978ஆம் ஆண்டு விதியையும் படியுங்கள். பஞ்சு நூல் உற்பத்திக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராம் என்பது அவர்கள் வரம்பு.

பல்லடத்துப் பெண்:
மையத்துக்கு வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிட்டேன். ஆலையில் கொடுத்த அனுபவச் சான்றில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் மட்டும்தான் இருக்கின்றன. அது போதுமா அக்கா?

காங்கேயத்து அக்கா:
போதாது. என்னென்ன வேலை செய்தாய் என்று விவரமாக, ஆலையின் பெயர் அச்சிட்ட தாளில், கையெழுத்தும் முத்திரையும் வைத்து வாங்கு. அப்பாவை நேரில் போகச் சொல். அந்த மேலாளர் இன்னும் அங்கேயே இருந்தால் அவரிடமே கேட்கச் சொல்.