கோரஸா பாடுறாங்க, தனியா சொல்லத் தெரியல: ஆறாம் வகுப்பு ஆங்கிலம்

வாழப்பாடி ஆங்கிலம்:
தமிழ் வழி, 38 பேர், 40 நிமிஷ பீரியட். ஆங்கிலப் பாட்டு போட்டா கூரை பிய்ச்சுக்கிட்டுப் போற மாதிரி பாடுறாங்க. ஒருத்தரை எழுப்பி அதே வரியைச் சொல்லச் சொன்னா, ஒரு வார்த்தை எங்க முடியுது, அடுத்தது எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல. கோடிட்ட இடம் நிரப்புற தாள் கொடுத்தா பாதிப் பேர் முதல் கோட்டோட நின்னுடுறாங்க. பாட்டே வேண்டாமா, நடத்துற விதம் தப்பா?

அஸ்தம்பட்டி டீச்சர்:
விதம்தான் சார். தாளை முதல்லயே கொடுத்தா கண்ணு ஓடும், காது வேலை செய்யாது. முதல் தடவை தாளே வேண்டாம். பாட்டுல எத்தனை பேர் வர்றாங்கன்னு ஒரே கேள்வி போதும். ரெண்டாவது தடவை வரிகளைத் துண்டு துண்டா வெட்டி, நாலு பேருக்கு ஒரு கட்டுன்னு கொடுத்து அடுக்கச் சொல்லுங்க. கோடிட்ட இடம் அப்புறம்தான். எட்டு வரிக்கு அஞ்சு இடத்துக்கு மேல போகாதீங்க. ஒரே வரியில ரெண்டு வேண்டாம், முதலை எழுதி நிமிர்றதுக்குள்ள ரெண்டாவது போயிடும். 'ஆஃப்', 'டு' மாதிரி சொல்லை எடுக்கவே கூடாது. பாடுறவங்களே அதை முழுங்கிடுவாங்க.

நாகலூர்:
கேட்கப் பழக்க பாட்டு சரி. பேச வைக்கணும்னா சான்ட்தாங்க. 1978-ல அமெரிக்க ஆங்கில ஆசிரியை கரோலின் கிரஹாம் 'ஜாஸ் சான்ட்ஸ்'னு கொண்டுவந்ததும் இதுதான்: மெட்டு கிடையாது, பேச்சோட தாளம் மட்டும். பாட்டுல மெட்டுக்காக அழுத்தம் இடம் மாறும். சான்ட்ல மாறாது.

'பேர்ட்ஸ் ஈட் ஃப்ரூட்', மூணு தட்டு. 'த பேர்ட்ஸ் ஆர் ஈட்டிங் த ஃப்ரூட்', இதுக்கும் அழுத்தம் விழுற அதே மூணு சொல்லுக்கு மூணே தட்டு. நம்ம பசங்க தமிழ்ப் பழக்கத்துல அசைக்கு ஒண்ணா ஏழு தட்டுவாங்க. அதைத் திருத்தினாலே பாதி உச்சரிப்பு வந்துடும்.

வாழப்பாடி ஆங்கிலம்:
கோரஸ்ல வினைச்சொல் கடைசி 'ஸ்' காணாம போகுதே மேடம்?

நாகலூர்:
போகத்தான் செய்யும், 38 குரல்ல ஒரு 'ஸ்' யாருக்குக் கேட்கும்? வகுப்பை ரெண்டாப் பிரிங்க. கும்மித் தாளத்துல ஒரு பக்கம் 'வேர் டஸ் காஃபி க்ரோ?', மறுபக்கம் 'காஃபி க்ரோஸ் ஆன் த ஹில்'. அப்புறம் பெஞ்ச் பெஞ்சா. ஆறு பேர்ல 'ஸ்' விட்டது யாருன்னு தெரிஞ்சிடும். காஃபிக்குப் பதிலா பெப்பர் போட்டா எதுவும் மாறாது. மேங்கோஸ் போடுங்க, மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கணும் ('ஆன் த ஹில்' போய் 'இன் சேலம்'), 'டஸ்' போய் 'டூ' வரணும், 'க்ரோஸ்' 'க்ரோ' ஆகணும். 'டஸ் மேங்கோஸ்'னு பாடினா அங்கேயே நிறுத்துங்க. அன்னிக்குப் பாடம் அதுதான்.

அஸ்தம்பட்டி டீச்சர்:
ஸ்பீக்கரைக் கரும்பலகைப் பக்கம் வைக்காம நடு வரிசையில ஸ்டூல் மேல வைங்க. தகரக் கூரைன்னா மழை நேரத்துல அதை எடுக்கவே வேண்டாம், நாமளே பாடிடலாம். தட்டுற சத்தம் பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவுன்னா ரெண்டு விரலால உள்ளங்கையில தட்டச் சொல்லுங்க.