கடலூர் வெயிலுக்குக் கெட்டி ஆயிலா, சிந்தடிக்கா? போட்டுப் பார்த்தவர்கள் சொன்னது

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்:

வண்டி 2012 மாடல் ஆல்டோ, பெட்ரோல். 71,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பெரும்பாலும் அப்பாதான் எடுப்பார். காலையில் பாடலீஸ்வரர் கோயில், சாயந்திரம் மஞ்சக்குப்பம், அவ்வப்போது புதுச்சேரி எல்லையில் முள்ளோடை தாண்டிப் போய் பெட்ரோல் போடுவது (அங்கே விலை குறைவு என்று நம்மூரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை). வருஷத்துக்கு 5,000 தாண்டாது.

போன வாரம் புதுச்சேரியில் ஒரு சர்வீஸ் சென்டரில், இன்ஜின் ஆயில் ஃபுல் சிந்தடிக்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் போய்விடும் என்றார்கள். தொகையைக் கேட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். எங்கள் தெரு மெக்கானிக் நேர் எதிர். "நம்ம வெயிலுக்குத் தண்ணி மாதிரி ஆயில் தாங்காது தம்பி, 20டபிள்யூ-40 கெட்டியா ஊத்து" என்கிறார். இரண்டு பேருமே ஆயில் விற்கிறவர்கள். உங்கள் வண்டியில் நடந்ததைச் சொல்லுங்களேன்.

லாஸ்பேட்டை, புதுச்சேரி:

என்னிடம் ஒரு பழைய மாருதி 800 இருந்தது. லட்சத்து எண்பதாயிரம் ஓடிய வண்டி. காலமெல்லாம் 20டபிள்யூ-40 மினரல்தான், அதாவது கச்சா எண்ணெயிலிருந்து வருகிற சாதா ஆயில். ஒரு தீபாவளிக்கு, வண்டிக்கும் புதுசு எடுப்போமே என்று ஃபுல் சிந்தடிக் ஊற்றினேன். பத்தே நாளில் வாசல் சிமென்ட் தரையில் காசு அளவுக்குக் கறுப்புப் பொட்டு. ஒரு வாரத்தில் அது தோசை அளவு ஆனது. பார்த்தவர் எல்லாம் ஒரே பாட்டு: பழைய வண்டிக்கு சிந்தடிக் ஆகாது, ரப்பர் சீலைத் தின்றுவிடும்.

திரும்ப மினரலுக்கே போனேன். ஒழுகல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. முதலியார்பேட்டையில் ஒரு வயசான மெக்கானிக் பானட்டைத் திறந்து, டேப்பட் கவர் (இன்ஜினின் மேல் மூடி) ஓரத்தில் விரலை ஓட்டிக் காட்டினார். ரப்பர் பேக்கிங் கல் மாதிரி இறுகிப்போய், நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்தது. வருஷக்கணக்காகப் படிந்திருந்த பிசுக்குதான் அந்த விரிசலை அடைத்துக்கொண்டிருந்தது, புது ஆயில் அதைக் கழுவிவிட்டது என்றார். பேக்கிங்குக்கும் கூலிக்கும் சேர்த்து ஐந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. அப்புறம் அதே சிந்தடிக்கை ஊற்றினேன். வண்டியை விற்கிற வரை ஒரு சொட்டு இல்லை.

சிப்காட் பக்கம், கடலூர்:

நான் கம்ப்ரசர் பராமரிப்பில் இருக்கிறவன். கைக்கு ஆயில் வாசனை பழகிப்போயிற்று. முதலில் தெரு மெக்கானிக் சொன்ன வெயில் விஷயம். டபிள்யூ என்றால் விண்டர். அதற்கு முன்னால் இருக்கும் எண், குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கு. பின்னால் இருப்பது, 100 டிகிரி செல்சியஸில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. வெளியே மார்கழியோ கத்திரியோ, இன்ஜின் சூடானதும் தெர்மோஸ்டாட் கூலண்டை 90 டிகிரியை ஒட்டித்தான் வைத்திருக்கும். கடலூர் வெயில் பேரிங்குக்குத் தெரியவே தெரியாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் நம் தலைக்குத் தெரிகிற அளவுக்கு அதற்குத் தெரியாது. 30 போதுமா 40 வேண்டுமா என்பதை இன்ஜினைச் செய்தவன் முடிவு செய்து புத்தகத்தில் எழுதியிருப்பான். டேஷ்போர்டு பெட்டிக்குள் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது, சிந்தடிக் என்ற பெயர். அடிப்படை எண்ணெயை ஐந்து குரூப்பாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் இரண்டும் மினரல். மூன்றாவதும் கச்சா எண்ணெயிலிருந்து வருவதுதான், ஹைட்ரஜனோடு கடுமையாகச் சுத்திகரித்தது. நான்காவதுதான் ரசாயன முறையில் மூலக்கூறு கட்டிச் செய்கிற பிஏஓ. 1999இல் அமெரிக்காவில் ஒரு விளம்பரத் தகராறில், குரூப் 3ஐயும் சிந்தடிக் என்று சொல்லலாம் என்று முடிவானது. அதனால் கேனில் பெரிய எழுத்தில் சிந்தடிக் என்று இருந்தால் உள்ளே நான்காவதுதான் என்று அர்த்தமில்லை. அதற்காகக் குரூப் 3ஐ மட்டம் என்று சொல்லவில்லை. சூட்டில் சீக்கிரம் கெட்டுப்போகாது, ஆவியாவதும் குறைவு. நல்ல சரக்குதான்.

நான் கேனை வாங்கினால் முதலில் பின்பக்கம்தான் பார்ப்பேன். ஏபிஐ என்ற அமெரிக்கத் தரக் குறியீடு எஸ்பி, எஸ்என் என்று எஸ்ஸில் தொடங்கினால் பெட்ரோலுக்கு, சியில் தொடங்கினால் டீசலுக்கு. எஸ்பி 2020இல் வந்தது.

வில்லியனூர், புதுச்சேரி:

சார் சொன்னது எல்லாம் சரி, எனக்கு அவ்வளவு படிப்பு இல்லை. டீசல் டாக்ஸி ஓட்டுகிறேன். சென்னை விமான நிலையம் போய்வந்தால் முந்நூறு கிலோமீட்டர். இரண்டு மாசத்தில் 10,000 ஓடிவிடும். முன்பு 15டபிள்யூ-40 மினரல் போட்டு 5,000க்கு ஒரு தடவை மாற்றுவேன். ஒவ்வொரு தடவையும் அரை நாள் சவாரி போகும். இப்போது சிந்தடிக் போட்டு, புத்தகத்தில் போட்டிருக்கிற 10,000க்கு மாற்றுகிறேன். எனக்கு மிச்சமானது அந்த அரை நாள்தான். மைலேஜ் கூடும் என்றார்கள். தினமும் நோட்டில் கணக்கு எழுதுகிறவன் நான், கூடவில்லை. விடியற்காலை ஸ்டார்ட் செய்யும்போது வருகிற கடகடப்பு மட்டும் கொஞ்சம் குறைந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். டீசலில் ஆயில் மாற்றிய மறு வாரமே கறுத்துவிடும். ஏமாற்றிவிட்டார்கள் என்று மெக்கானிக்கோடு சண்டைக்குப் போகாதீர்கள். கரியைத் தன்னுள் இழுத்து வைத்துக்கொள்வது ஆயிலின் வேலை. நான் போய்த் திட்டு வாங்கியிருக்கிறேன். மச்சான் வண்டி பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி வந்த) டீசல். அதற்கு என் ஆயிலைக் கொடுக்கப் போனேன், வேண்டாம் என்றுவிட்டார். சைலன்சர் வழியில் இருக்கும் வடிகட்டியில் கரி சேர்ந்தால் எரிந்துபோகும், ஆயிலின் சாம்பல் எரியாது, அப்படியே தங்கிவிடும். அதற்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும்.

ரெயின்போ நகர், புதுச்சேரி:

மினரலுக்காக நான் ஒரு வார்த்தை பேசியே ஆக வேண்டும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது எங்கள் தெருவில் கார் சீட் வரைக்கும் தண்ணீர். அக்டோபரில்தான் விலை உயர்ந்த சிந்தடிக் போட்டிருந்தேன். தண்ணீர் வடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் சாவியைத் திருகிப் பார்த்தார். ஒரே ஒரு 'டக்'. சிலிண்டருக்குள் தண்ணீர் நின்று கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. நான் சாவியைத் தொடவில்லை. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு நாலு நாள் காத்திருந்தேன். மெக்கானிக்குகள் எல்லார் கையிலும் அப்போது இருபது வண்டி.

அவர் வந்து அடியில் படுத்து டிரெய்ன் போல்ட்டைத் திருகியதும் முதலில் கொட்டியது சுத்தத் தண்ணீர். கனம் அதிகம், அடியில் தங்கியிருந்திருக்கிறது. அப்புறம் ஆயில் வந்தது. ஆயில் என்றா சொல்வது, டீக்கடைப் பால் டீ மாதிரி ஒரு குழம்பு. பிளக்குகளைக் கழற்றி, இன்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றினார். கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த மினரலை ஊற்றி ஐந்து நிமிஷம் ஓடவிட்டு வடித்தார். இரண்டாவது தடவையும் லேசாக வெளுத்தே வந்தது. மூன்றாவதாக ஊற்றியதுதான் நின்றது. அந்த இரண்டு கழுவலுக்கும் சிந்தடிக் வாங்கியிருந்தால் என் கதி என்ன?

நெல்லிக்குப்பம்:

எந்த ஆயிலாக இருந்தாலும் காலி கேனை அங்கேயே ஸ்க்ரூடிரைவரால் இரண்டு குத்து குத்திவிட்டு வாருங்கள். ஒரு பழைய இரும்புக் கடையில் மூடி கெடாத காலி கேனுக்குத் தனி விலை கொடுத்ததைப் பார்த்தேன். எதற்கு என்று கேட்டேன், சிரித்தார்.

பாகூர்:

என் வண்டி டர்போ பெட்ரோல். இதில் யோசிக்கவே இல்லை, புத்தகத்தில் உள்ள சிந்தடிக்தான். ஈசிஆரில் விரட்டி வந்து டக்கென்று அணைத்தால் டர்போவின் சூட்டில் உள்ளே நிற்கும் ஆயில் கருகும். வாசலில் அரை நிமிஷம் ஓடவிட்டு அணைப்பேன். வீட்டில் தினமும் திட்டு, பெட்ரோல் வீணாகிறதாம்.

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்:

எல்லாருக்கும் நன்றி. புத்தகத்தைத் தேடி எடுத்தேன். வெப்பநிலைக் கட்டத்தில் 5டபிள்யூ-30 முதலில் இருக்கிறது. மாற்ற வேண்டியது 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அது. அப்பா ஓட்டுகிற ஓட்டத்துக்கு வருஷம்தான் முந்தும். அப்படியென்றால் 10,000க்கும் மேல் தாங்குகிற விலை உயர்ந்த ஆயில் போட்டாலும் பாதி ஓட்டத்திலேயே வடித்துக் கொட்டப் போகிறோம். வில்லியனூர் அண்ணனுக்கு வந்த லாபம் எனக்கு வராது. அதனால் சர்வீஸ் சென்டர் சொன்னதும் இல்லை, மெக்கானிக் சொன்னதும் இல்லை. அதே 5டபிள்யூ-30இல் செமி சிந்தடிக் (மினரலும் சிந்தடிக்கும் கலந்தது) மூன்று லிட்டர் நானே வாங்கினேன், 1,380 ரூபாய். தெரு மெக்கானிக் முணுமுணுத்துக்கொண்டேதான் ஊற்றினார். ஃபில்டரும் புதுசு. கேனைக் குத்தியபோது ஒரு மாதிரி பார்த்தார். டேப்பட் கவர் ஓரத்திலும் விரலை ஓட்டிப் பார்த்தேன், காய்ந்துதான் இருக்கிறது.

ராத்திரி அப்பா டிப்ஸ்டிக்கை உருவி, ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார். "என்னடா இது, தண்ணி மாதிரி இருக்கு?" என்றார். புத்தகத்தைக் காட்டினேன். மூன்று நாளாகக் கோயிலுக்குக் கிளம்பும் முன்னால் பானட்டைத் திறந்து அளவு பார்த்துவிட்டுத்தான் போகிறார்.