சிட்டி லூப்: மதியத்தில் திசை மாற்றுவது யாருக்காக?

தண்டவாளப்பித்தன்: "மெல்பர்ன் சிட்டி லூப் ஒரே வட்டச் சுரங்கம், எந்த ரயிலில் ஏறினாலும் சுற்றி வந்து இறங்கிக்கொள்ளலாம்" என்று கடைசிப்பெட்டி அருள்வாக்கு சொல்லியிருக்கிறார். ஐயா, நகர மையத்தைச் சுற்றும் இந்த ரயில்பாதையில் சுரங்கம் ஒன்றல்ல, நாலு: பர்ன்லி, கால்ஃபீல்டு, கிளிஃப்டன் ஹில், வடக்கு. நாலும் ஒற்றைத் தடம். பார்லிமென்ட், மெல்பர்ன் சென்ட்ரல், ஃபிளாக்ஸ்டாஃப் மூன்று நிலையங்களிலும் மேல்தளத்தில் இரண்டு நடைமேடை, கீழ்த்தளத்தில் இரண்டு. சதர்ன் கிராசும் ஃபிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட்டும் தரைக்கு மேலே, நடுவில் பாலம். போதாததற்கு, வாரநாட்களில் பர்ன்லி சுரங்கத்தில் ரயில் ஓடும் திசை மதியம் மாறிக்கொள்ளும்.

கடைசிப்பெட்டி: நாலோ நாற்பதோ, சுற்றித்தானே வருகிறது?

தண்டவாளப்பித்தன்: காலையில் பார்லிமென்டில் நின்று ரிச்மண்ட் போகப் பாருங்கள். அடுத்த நிலையம்தான். ஆனால் பர்ன்லி ரயில் மெல்பர்ன் சென்ட்ரல், ஃபிளாக்ஸ்டாஃப், சதர்ன் கிராஸ், ஃபிளிண்டர்ஸ் என்று ஊரைச் சுற்றிவிட்டுத்தான் ரிச்மண்ட் பக்கம் திரும்பும். சாயங்காலம் என்றால் நேரே ரிச்மண்ட்.

கடைசிப்பெட்டி: அதாவது, சுற்றி வருகிறது. நன்றி.

இரண்டாம்தளம்: திசை மாற்றுவதே வெட்டி வேலை. கிளிஃப்டன் ஹில் சுரங்கத்தில் போகும் ஹர்ஸ்ட்பிரிட்ஜ், மெர்ண்டா ரயில்கள் நாள் முழுக்கக் கடிகாரத் திசையில்தான் சுற்றுகின்றன. குடியா முழுகிப்போனது?

தண்டவாளப்பித்தன்: அந்த ரயிலில் காலையில் பார்லிமென்ட் போகிறவரைக் கேளுங்கள். ஜாலிமான்ட் நிலையம் தாண்டி ஃபிளிண்டர்ஸ், சதர்ன் கிராஸ், ஃபிளாக்ஸ்டாஃப், மெல்பர்ன் சென்ட்ரல் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் அவர் இறங்குகிறார். பர்ன்லியில் காலையில் ரிச்மண்டை அடுத்து பார்லிமென்ட். மாலையில் பார்லிமென்டை அடுத்து ரிச்மண்ட். திசை மாற்றுவதன் லாபம் அதுதான்.

இரண்டாம்தளம்: அதே கணக்கில் ஃபிளிண்டர்ஸ் போகிறவர் காலையிலும் முழு வட்டம், மாலையிலும் முழு வட்டம். அவர் என்ன பாவம் செய்தார்? திசை மாறும் நேரத்தில் நடக்கும் கூத்தையும் சொல்லுங்களேன்.

தண்டவாளப்பித்தன்: கூத்தென்ன கூத்து? ஒற்றைத் தடத்தில் எதிரும் புதிருமாக ரயில் விட முடியாது. பழைய திசையின் கடைசி ரயில் சுரங்கத்தை விட்டு வெளியேற வேண்டும், அப்புறம்தான் மறுமுனையில் சிக்னல் விழும். அதுவரை வருகிற ரயிலை நேராக ஃபிளிண்டர்ஸுக்கு விடலாம். சுரங்கத்தில் ஒரு ரயில் கதவு மூடாமல் நின்றுவிட்டாலும் அதே வைத்தியம்தான்.

வட்டப்பாதை: சிட்னியில் இந்தத் தொல்லையே இல்லை. அங்குள்ள வட்ட ரயில்பாதையான சிட்டி சர்க்கிளில் இரட்டைத் தடம், ஒரே நேரத்தில் இரண்டு திசையிலும் ரயில். 1926இல் மியூசியம் நிலையத்தைத் திறந்தார்கள், 1956இல் சர்குலர் கீ நிலையம் வந்து வட்டம் முடிந்தது. மெல்பர்னில் மியூசியம் என்ற நிலையம் திறந்ததே 1981இல்!

தண்டவாளப்பித்தன்: அதன் பெயர் 1997லேயே மெல்பர்ன் சென்ட்ரல் ஆகிவிட்டது. சர்குலர் கீ சுரங்கத்திலா இருக்கிறது? வெட்டவெளியில். ஒரு வட்டத்தை முடிக்க முப்பது வருஷம் வேறு!

வட்டப்பாதை: வெளியோ உள்ளோ, இரண்டு திசையிலும் போகிறதா இல்லையா? டிராம் பற்றிய இன்னொரு விவாத இழையிலும் இப்படித்தான் நழுவினீர்கள்.

தண்டவாளப்பித்தன்: போகிறது. அங்கே இருப்பது ஒரே ஜோடித் தடம், அதில் ஒன்று அடைத்தால் அந்தத் திசையே போச்சு. இங்கே பர்ன்லி அடைத்தாலும் மற்ற மூன்று சுரங்கமும் ஓடும். டிராம் இழையில் நழுவியது யார் என்று அங்கேயே போய்ப் படியுங்கள்.

கடைசிப்பெட்டி: மூன்றும் சுற்றித்தானே ஓடும்?

இரண்டாம்தளம்: சிட்னி, டிராம் எல்லாம் இருக்கட்டும். ஃபிளிண்டர்ஸ்காரருக்கு இன்னும் பதில் வரவில்லை.

தண்டவாளப்பித்தன்: ரிச்மண்டில் இறங்கி நேர் ரயிலுக்கு மாறச் சொல்லுங்கள்.

இரண்டாம்தளம்: காலை எட்டரை மணி நெரிசலில்? பேஷ்!